ஏஞ்சலின் பரீட்சைக்கு ஜெபக்குழு வந்த கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லைன் வீடுகளில் கதவு வைத்திருப்பது நாய் நுழையாமல் இருப்பதற்கு மட்டும்தான். மனுஷர்கள் தட்டிவிட்டு உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆள் அரவமே இல்லாமல் எழுதவேண்டிய பரீட்சையை எழுதுகிறேன் என்று கிளம்பினாள் பாருங்கள் பக்கத்து வீட்டு ஏஞ்சலின், அவளை என்னவென்று சொல்வது!

அவளும் நானும் ஒரே கம்பெனியில் பேக்கிங். இருவருமே கான்ட்ராக்ட் ஆட்கள். வருஷம் பிறந்தால் கான்ட்ராக்டர் மாறுவான், நாங்கள் மறுபடியும் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகிவிடுவோம். ஒருமுறை கம்ப்யூட்டர் பிரிவில் கேபிள் இழுக்க ஆள் போதவில்லை என்று ஏஞ்சலினை அனுப்பினார்கள். போனவள் பைத்தியம் பிடித்துத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து நெட்வொர்க், நெட்வொர்க் என்று ஒரே நச்சு. ஐ.பி. அட்ரஸ் என்றால் என்ன தெரியுமா அக்கா என்று சோறு தின்னும்போது கேட்பாள். "எம் ஊட்டு அட்ரஸே எனுக்குப் போதும், ஆள வுடு" என்பேன்.

அந்தப் பிரிவைப் பார்க்கும் ஜனார்தனன் சார் திருவள்ளூரிலிருந்து வருகிறவர். நல்ல மனுஷர். அவர்தான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இங்க ஒரு போஸ்ட் காலியாகப் போறதும்மா. நிரந்தர வேலை. நெட்வொர்க் சர்டிபிகேட் மட்டும் இருந்தா உன்னைப் போடச் சொல்லி நான் பேசறேன். மாசக் கடைசிக்குள்ள கொண்டு வந்துடு."

அந்தச் சர்டிபிகேட் பரீட்சைக்குச் சென்னை சென்டரில் மாசக் கடைசி வரைக்கும் இடமில்லை. வீட்டிலேயே எழுதலாம் என்றார்கள். அதற்கு ஆயிரம் சட்டம். லேப்டாப் கேமரா வழியாக எங்கிருந்தோ ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அறைக்குள் இன்னொரு தலை தெரியக்கூடாது, உதடு அசையக்கூடாது, பார்வை அங்கே இங்கே போகக்கூடாது. "யாராண்டயும் மூச்சு வுடாத" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டாளா? மாமியார் ரோசம்மாளிடம் சொன்னாள். ரோசம்மாளிடம் சொன்னால் மைக் போட்டுச் சொன்ன மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மருமகள் பரீட்சைக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

பரீட்சை அன்று காலை நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ரோசம்மாள் முன்னால் வர, பின்னால் வெள்ளைச் சேலைகள் வரிசையாக அவர்கள் வீட்டுக்குள் நுழைவது தெரிந்தது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். என்ன பிரயோஜனம்? நான் போவதற்குள் ஜெபக்குழுவே அவளைச் சுற்றி நின்று, தலையில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உரத்த குரலில் ஆரம்பித்துவிட்டிருந்தது. நடுவில் ஏஞ்சலின். அவளும் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்! பரீட்சை நிறுத்தப்பட்டது என்று திரையில் எழுத்து வந்திருந்தது. பார்க்கத்தான் ஒரு கண்ணும் திறந்திருக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோரையும் வெளியே துரத்தினேன்.

"வெளிய போங்கன்னு சொல்ல வாய் இல்லியாடி உனுக்கு? நீ வேற எதுக்குக் கண்ண மூடின?"

"தலைல கை வெச்சாங்களே அக்கா. தானா மூடிக்கிச்சி."

"ஆமென் சொன்னியா?"

"சொன்னேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

ரோசம்மாளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. "பசங்க பரீட்சைக்குக் கெளம்பசொல்ல ஜெபம் பண்ணித்தான அனுப்புவோம்? இவ ஊட்லயே குந்திக்கினு கீறாளே, இன்னும் கெளம்பலன்னு நெனச்சோம்" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏஞ்சலின் மாமியாரை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது மட்டும், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "அத்த, இந்த வருசமும் நான் புதுசா சேந்தவதான்." ரோசம்மாள் கை வேலையை விட்டுவிட்டு நின்றாள். அப்போதுதான் அந்த அம்மாளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

நடந்ததை எழுதி, கெஞ்சி மெயில் அனுப்பினோம். யார் மனசு இளகியதோ, மாசக் கடைசிக்குள் இன்னொரு தேதி கொடுத்தார்கள். அன்று நானே லீவு போட்டேன். தெருவில் விளையாடும் வாண்டுகளைத் திடலுக்கு விரட்டினேன். ரோசம்மாளை வாசல்படியில் உட்கார வைத்து, கையில் ஒரு சொம்பைக் கொடுத்தேன். "அத்த, உன் வாய நம்ப முடியாது. தண்ணிய ஊத்தி ரொப்பிக்கினு உக்காரு. அவ வெளிய வர வரிக்கும் முழுங்காத, துப்பாத." மறுபேச்சுப் பேசாமல் வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

பாதிப் பரீட்சை போயிருக்கும். பைக் சத்தம். போன தடவை நின்றுபோனதைக் கேள்விப்பட்டு, ஆறுதல் சொல்ல வந்திருந்தார் அவர்கள் சபை பாஸ்டர் எட்வர்ட். மைக்கே தேவைப்படாத குரல் அவருக்கு. வாண்டுகள் திரும்பி வராமல் தெருக்கோடியில் காவல் நின்ற நான் அங்கிருந்தே கையை ஆட்டினேன், அவர் பார்க்கவில்லை. அந்த பைக் முனையில் திரும்பினாலே எழுந்து நிற்கிறவள் ரோசம்மாள். எழுந்தாள். உதட்டில் விரலை வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே படியேற வந்தார். ரோசம்மாள் இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்து நின்றாள். சபையில் யாராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. சரி, வெளியே இருந்தே ஜெபிக்கலாம் என்று கதவைப் பார்த்துக் கையை உயர்த்தி, வாயைத் திறந்தார்.

ரோசம்மாள் எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்து, தன் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். பாஸ்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அப்புறம் வாயை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டார். சத்தமே இல்லாமல் அவர் ஜெபித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். முடித்ததும் பைக்கைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தார்.

வெயில் ஏறிய பிறகு கதவு திறந்தது. "பாஸ் அத்த!" என்றாள் ஏஞ்சலின். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. அதற்குள் நானும் ஓடி வந்துவிட்டேன். ரோசம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு, அப்போதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டே நின்றாள்.

"அதான் முடிஞ்சிடுச்சே, துப்பு அத்த" என்றேன்.

"துப்ப இன்னா கீது?" என்றாள் ரோசம்மாள். "பாஸ்டர் எதுர வாயில தண்ணி வெச்சிக்கினா நிப்பாங்க? அவரு வந்தப்பவே முழுங்கிட்டேன். அப்பால நானேதான் மூடிக்கினு இருந்தேன்."