முருகன் தலைக்கு மேல் எங்கள் டிராக்டர் ஷெட்

புயல் பிய்த்தெறிந்த டிராக்டர் ஷெட்டின் தகரங்களை, டிராக்டர் ஓட்டும் நானும் ஊர்க்காரர்களும் வயலில் இறங்கிப் பொறுக்கி, தட்டி நிமிர்த்தி அடுக்கிவைத்திருந்தோம்.

இன்று சாத்தம் மர ஆலைக்குப் போய், கூரைக்கு மரம் வாங்கிக்கொண்டு எங்கள் அந்தமான் கிராமமான பெரார்கஞ்சுக்குத் திரும்பினால், ஒரு தகரத்தைக்கூடக் காணோம்.

எல்லாம் முருகன் கோயில் கூரையில் ஏறியிருந்தன. ஆணி அடித்து முடித்து, சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோயில் தலைவரைப் பிடித்தேன்.

"அரே தம்பி, எதுக்கு இவ்ளோ குஸ்ஸா? கோவப்படாத. சாமி நனையறாரேன்னு போட்டோம்."

"டிராக்டர் நனையுதுங்களே! ஊருக்கு இருக்கறது அது ஒண்ணுதான். துருப்பிடிச்சுப் போனா எதை வெச்சு உழுவீங்க?"

"மெயின்லேண்ட்லருந்து கப்பல்ல புதுத் தகரம் வரும்ல? சாமிக்குப் போட்டதப் பிரிக்கறது பாவம்."

என்னோடு தகரம் பொறுக்கியவர்களும் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் என் கையில் சுண்டலைத் திணித்தார். பற்றிக்கொண்டு வந்தது. சுண்டலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, பிரிக்க வேண்டாம். நாளைக் காலை டிராக்டரை முருகனுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன். எஞ்சினில் தண்ணீர் இறங்கிவிட்டது, தள்ளத்தான் வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?

மயிலைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன்.