சின்ன மண்டபத்துப் படங்கள்

1993 செப்டம்பர் 6. பழைய ஃபிலிம் கேமரா. ரூ. 2,800.
2006 ஜனவரி 19. டிஜிட்டல் கேமரா, செகண்ட் ஹேண்ட். ரூ. 46,000.
2009 ஏப்ரல் 2. பெரிய மண்டபம் வாடகை. ரூ. 65,000.
2009 ஏப்ரல் 20. சின்ன மண்டபம் வாடகை, மூன்று தவணையில். ரூ. 4,500.

கேமரா இரண்டும் செங்கல்வராயன் வாங்கியவை. வாடகை இரண்டும், திருப்பதியில் நான் கணக்கெழுதிய கல்யாண மண்டபத்துக்கு வந்தவை. பெரியதும் சின்னதும் ஒரே கட்டடம்தான். நடுவில் ஒரு சுவர், சமையல்கட்டுப் பக்கம் ஒரு கதவு.

செங்கல்வராயன் சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமத்தான். தகப்பன் பாலையா செங்கல் சூளையில் கூலி. பத்தாவது முடித்ததும் திருப்பதிக்கு வந்து, ஒரு ஸ்டுடியோவில் தரை பெருக்கி, இருட்டறையில் ஃபிலிம் கழுவக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகக் கல்யாணம் எடுக்கத் தொடங்கினான். எங்கள் மண்டபத்தில் மட்டும் முந்நூறுக்கு மேல் எடுத்திருப்பான். படம் சரியாக வராத ஒரு கல்யாணம்கூட என் நினைவில் இல்லை.

அவன் தங்கை தேன்மொழிக்கு 2009 ஜூன் 4, வியாழக்கிழமை முகூர்த்தம் குறித்தார்கள். சின்ன மண்டபம். அதே நாள், அதே முகூர்த்தத்தில் பெரிய மண்டபத்துக் கல்யாணத்தைப் படமெடுக்க அவன் முன்பே ஒப்புக்கொண்டிருந்தான். அது அமெரிக்காவில் குடியேறிய ஒரு ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம். முகூர்த்தம் முடிகிற வரையில் அந்த மேடையை விட்டு நகர்வதில்லை என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தான். தங்கை கல்யாணத்துக்கு வேறு ஆளைப் போடச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

"எந்தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னொருத்தன் வந்து போட்டோ புடிக்கிறதா சாமி? அத்தோட, அன்னைக்கி நைனாவ நல்லா எடுத்துடணும். அவுரு படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல."

அவன் நைனா பாலையாவுக்கு அந்த ஆண்டுப் பொங்கலின்போது பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்திருந்தன. அதுவரை மகன் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் சூளையில் இருப்பார். அவர் வீடு திரும்புவதற்குள் இவன் பஸ் ஏறியிருப்பான். ரேஷன் கார்டில் குடும்பமாக நிற்கும் படம்தான் உண்டு. முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது வரை. பெரிய மண்டபத்தில் தாலி முதலில், சின்ன மண்டபத்தில் கடைசியில் என்று இரண்டு புரோகிதர்களிடமும் அவனே பேசி முடித்தான்.

கல்யாணத்தன்று காலை, பெரிய மண்டபத்து மாப்பிள்ளையின் தம்பி பிரஹ்லாத் ஒரு சாதனம் கொண்டுவந்தார். சோப்புப் பெட்டி அளவு, கறுப்பு நிறம். கேமராவின் அடியில் திருகினால், எடுக்கிற ஒவ்வொரு படமும் கம்பியில்லாமல் முன்னறையில் இருக்கும் அவருடைய லேப்டாப்புக்குப் போய்விடும். அதிலிருந்து இன்டர்நெட் வழியாக, வர முடியாத உறவினர்கள் அமெரிக்காவில் இருந்தபடியே உடனுக்குடன் பார்க்கலாம். அவரிடம் இருந்ததும் செங்கல்வராயனுடையதும் ஒரே கம்பெனி கேமராவாக இருந்ததால் அது பொருந்தியது. படம் கேமரா கார்டில் தங்காமல் நேரே லேப்டாப்புக்கு மட்டும் போகும்படி அவர் அமைத்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. ஃபிலிமில் பழகியவன். வெளியே போவது பிரதி, மூலம் எடுத்தவனிடம்தான் இருக்கும் என்பது அவன் அறிந்த தொழில்.

பெரிய மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் சமையல்கட்டுக் கதவு வழியாக அவன் நழுவினான். நான் அப்போது முன்னறையில் இருந்தேன். லேப்டாப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர். திரையில் திடீரென்று தேன்மொழியின் கழுத்தில் தாலி ஏறியது. அடுத்த படத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி பாலையா, விழாத இடக்கையைத் தூக்கி மகள் தலையில் வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அத்தை மரகதவல்லி குனிந்து பார்த்தார். "யாருடா இது? நம்மாத்துக் கல்யாணத்துல நாற்காலி போட்டுண்டு ஒரு கிழவன்?"

"அமெரிக்காவுல பாக்கறவா, நமக்குத் தெரியாம ஒரு சம்பந்தி வந்துட்டார்னு நினைச்சுக்கப் போறா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பிரஹ்லாத் சிரிக்கவில்லை. பெரிய மண்டபத்து மேடையில் அந்த நேரம் மணப்பெண்ணின் காலை அம்மியின்மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். படமெடுக்க ஆள் இல்லை.

பந்தி முடிந்த பிறகு செங்கல்வராயன் கார்டைப் பார்த்தான். அதில் ஒன்றுமில்லை. நடந்தது அவனுக்கே புரிந்துவிட்டது. முன்னறை வாசலில் போய் நின்று, சின்ன மண்டபத்துப் படங்களை மட்டும் தரும்படி கேட்டான்.

பிரஹ்லாத் லேப்டாப்பை மூடினார். "அம்மி மிதிக்கறச்சே நீ எங்கேய்யா இருந்தே? அந்தப் படத்தை முதல்ல கொடு. உங்காத்துப் படத்தை நான் தரேன்."

"தப்புதான் சார். நைனா படமாவது ஒண்ணு குடுங்க."

"அண்ணா கல்யாணம் திரும்ப வருமா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். தங்களுக்கும் அவனுக்கும் இடையிலான விஷயம், மண்டபத்துக்காரர் தலையிட வேண்டாம் என்றார். மாலையில் அவர்கள் சென்னைக்குக் கிளம்பினார்கள்.

பாலையா நவம்பர் 11ஆம் தேதி இறந்தார். காரியத்துக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டுமே. ரேஷன் கார்டில் மிளகளவு இருந்த முகத்தைச் செங்கல்வராயன் பெரிதாக்கினான். அது கட்டம் கட்டமாகச் சிதறி, மூக்கு எது, வாய் எது என்று தெரியாமல் போயிற்று. நான் போயிருந்தேன். அவன் தாய் செல்லியம்மா சட்டம் போட்ட அந்தப் படத்தைக் கையில் வாங்கி, யாரோ போல இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தேன்மொழி விடவில்லை.

"ஊரான் வூட்டுக் கல்யாணம் ஒண்ணு வுடாம புடிச்சிக்கினு கீற. நம்ம நைனா மூஞ்சி எங்கண்ணா கீது?"

அவன் எழுந்து வெளியே போனான்.

அதன் பிறகு அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினோம். அவன் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். வாடகைப் பதிவில் இருந்த விலாசத்துக்கு மொத்தம் நான்கு. மூன்றாவதில், அம்மி மிதித்த படம் விட்டுப்போனது தன் குற்றம், வாங்கிய கூலி முழுவதையும் திருப்பி அனுப்புகிறேன், தகப்பன் படம் ஒன்று போதும் என்று எழுதச் சொன்னான். பதில் இல்லை.

இதற்குள் திருப்பதியில் கல்யாண வீட்டார் எல்லோரும் அந்தக் கறுப்புப் பெட்டி இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவன் இல்லை என்பான். அவர்கள் வேறு ஆளிடம் போவார்கள். 2010 ஆகஸ்டில் கேமராவை விற்றுவிட்டு, சத்தியவேட்டுப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில், அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலையில் சேர்ந்தான். கம்பெனி பஸ் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். எந்தக் கல்யாணத்துக்கும் அவன் போவதில்லை, சாப்பிடக்கூட.

கடைசியாக மண்டபத்து விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஸ்ரீவல்லி, அன்று பெரிய மண்டபத்தில் மணப்பெண்ணாக இருந்தவர். தமிழில் எழுதியிருந்தார். நான்கு கடிதங்களும் மைத்துனர் பிரஹ்லாத்தின் மேஜையில் இப்போதுதான் தன் கண்ணில் பட்டன. சின்ன மண்டபத்துப் படங்கள் மொத்தம் இருபத்தாறு. கல்யாணத்தன்று இரவே சென்னை ஓட்டலில், இடம் அடைக்கிறது என்று அவற்றை அழித்துவிட்டார்கள். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். தானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரியவர் முகம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. இனிமேல் கடிதம் எழுத வேண்டாம் என்று வீட்டில் சொல்லச் சொன்னார்கள்.

கடிதம் வந்த நாள் 2011 பிப்ரவரி 16, புதன்கிழமை.