கன்றுக்குட்டிக்குப் பின்னிய ஸ்வெட்டர்

மாட்டுப்பட்டி மலைக் குளிரில் எங்கள் கன்றுக்குட்டி நடுங்குகிறதே என்று, தொழுவ வேலை போக மிஞ்சிய நேரத்தில் பின்னிய ஸ்வெட்டர் இன்று காலைதான் முடிந்தது. போட்டு அளவு பார்த்தேன். உடனே மூத்திரம் பெய்து நனைத்துவிட்டது. கழற்றிக் கொடியில் போட்டேன்.

பக்கத்து ஹோம்ஸ்டேயில் தங்கியிருக்கும் சென்னை அம்மணி வந்தார். கேட்காமலே எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டார்.

“அக்கா, உங்க லைஃப்தான் லைஃப். டென்ஷனே இல்லாம உக்காந்து பின்னிட்டே இருக்கலாம்.”

“ஏம்மா, அது வந்து...”

“பேசாதீங்க அக்கா, வீடியோ ஓடுது.”



முகர்ந்து பார்த்தார். “இந்த மண்வாசனை கடையில வாங்குறதுல வராது.”

கை விட நான்கு ஓட்டை எதற்கு என்றுகூடவா ஒருத்திக்குத் தோன்றாது?

“கன்னுக்குட்டி சட்டைன்னு சொல்ல வேண்டியதுதான?” என்றார் என் வீட்டுக்காரர், அம்மணி போன பிறகு.

“எங்க பேச விட்டா?”

இப்போது வீடியோ வந்துவிட்டது. மலைப் பெண்களின் பாரம்பரிய உடையாம். எந்த சைஸில் கிடைக்கும் என்று கீழே வரிசையாகக் கேட்கிறார்கள்.

பால்குடி மறக்காத கன்றின் சைஸ் என்று நானே போய் எழுதட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.