கருங்கடல் ஊரிலிருந்து வந்த எங்கள் டாக்டர் அண்ணி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் எங்கள் அண்ணியை ஒரு கல்யாணத்திலோ ஒரு காரியத்திலோதான் பார்த்திருப்பீர்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "சாப்டீங்களா, உக்காருங்க" என்று கடலூர்ப் பேச்சில் உபசரித்த உயரமான வெள்ளைக்காரப் பெண்ணாக அவர் உங்கள் நினைவில் இருப்பார். தம் நாட்டில் அவர் யார், என்ன செய்தார், என்ன பாடுபட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அதை எழுதித் தரும்படி அண்ணன் கேட்டுக்கொண்டார். நாத்தனார் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அண்ணி ருமேனியா நாட்டின் கிழக்கே கோதுமை விளையும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தந்தையார் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். தாயார் நூற்பாலைத் தொழிலாளி. அவர் பிள்ளையாக இருந்த காலம் அந்த நாட்டுக்குக் கெட்ட காலம். ரொட்டிக்கு வரிசை, பாலுக்கு வரிசை. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்க வழியிருக்காது. கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு படித்ததாகச் சொல்வார். கையுறையோடு பக்கம் புரட்ட முடியாமல் மூக்கு நுனியால் புரட்டுவாராம். அதை எங்களுக்கு நடித்துக் காட்டும்போது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

மருத்துவம் படித்து முடித்து, கருங்கடல் ஓரத்தில் கான்ஸ்டன்சா என்னும் துறைமுக நகரத்து மருத்துவமனையில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்தார். எங்கள் அண்ணன் கப்பல் இன்ஜினியர். அவர் வேலை பார்த்த கப்பல் பழுதுபார்ப்புக்காக அந்தத் துறைமுகத்தில் நின்றிருந்தபோது கையில் தீக்காயம் பட்டு அந்த மருத்துவமனைக்குப் போனார். காயம் ஆறிய பிறகும் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருந்தார் என்பது அண்ணி சொன்ன கதை. அண்ணன் இன்றுவரை அதை மறுக்கவில்லை.

அவரைக் கல்யாணம் செய்துகொள்ள அண்ணன் சம்மதம் கேட்ட செய்தி கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா முடியாது என்றார். அம்மாதான் கடைசியில், "புள்ள கேட்டுட்டான். வர்றவ நல்லவளா இருந்தா சரி, எந்த ஊரா இருந்தா என்னா" என்று முடித்து வைத்தார். அவர்கள் மகன் அருண் பிறந்த பிறகு அண்ணி நீண்ட விடுப்பில் கைக்குழந்தையோடு வந்து ஏறக்குறைய ஓராண்டு எங்களோடு இருந்தார். தமிழ் அப்போது வந்ததுதான். அம்மாவிடம் கற்றதால் அம்மா பேசும் தமிழே வந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே மாதிரி "வந்துச்சி, போச்சி" என்று பேசுவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும்.

அதற்குள் அண்ணி குழந்தை மருத்துவராகியிருந்தார். இங்கே மருத்துவம் பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது. ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாது. நான் கல்யாணமாகிச் சிதம்பரத்தில் இருந்தேன். என் வீட்டுக்கு வந்தபோது பிச்சாவரத்துக்கு அழைத்துப் போனோம். எல்லோரும் சுரபுன்னைக் காட்டைப் பார்க்க, அண்ணி பக்கத்துக் குப்பத்துப் படகுத்துறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராம செவிலியர் ஒருவர் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படகில் வந்து இறங்கினார். கரையில் தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள்.

அண்ணி அவர்களில் ஒரு பெண்ணிடம், "இவுங்க வரலன்னா என்னா செய்வீங்க?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. "வராம எப்படிம்மா? புதன்கெழம வந்துடுவாங்க" என்றார்.

வீடு திரும்பும்வரை அண்ணி அதைப் பற்றியே பேசினார். அவர் நாட்டில் டான்யூப் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நாணல் காடுகளுக்கு நடுவே படகில் மட்டுமே போகக்கூடிய ஊர்கள் உண்டு. "அங்க யாருக்கும் 'இன்ன கெழம வந்துடுவாங்க'ன்னு சொல்லத் தெரியாது உமா" என்றார்.

தம் ஊருக்குத் திரும்பியபோது மருத்துவமனையின் நிலை மாறிக்கொண்டிருந்தது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் நல்ல வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணனுக்கும் ஜெர்மனியில் வேலை கிடைத்தது. வீடு பார்த்தாயிற்று, அருணுக்குப் பள்ளி பார்த்தாயிற்று. அந்தச் சமயத்தில்தான் தட்டம்மை பரவியது. நாணல் காட்டு ஊரொன்றிலிருந்து ஒரு தாய் தன் பெண் குழந்தையைத் தூக்கி வந்தார். ஊசி போடாத குழந்தை. நுரையீரல்வரை நோய் போயிருந்தது. அண்ணி அந்தக் குழந்தையின் பக்கத்திலேயே இருந்தார். குழந்தை பிழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்குள் போன் பேச்சு உண்டு. அந்த வாரம் அவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அந்த அம்மா என்னைத் திட்டல உமா. 'எங்க ஊருக்கு யாரும் வரலியே டாக்டர்'ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்ல."

"அண்ணி, நீங்க என்னா பண்ண முடியும்?"

"அதான் யோசிக்கறேன். வார்டுல நின்னா வர்ற குழந்தைய மட்டும்தான் பாக்க முடியும். வராத குழந்தைய யாரு பாக்கறது?"

ஜெர்மனிப் பயணம் நின்றது. அண்ணனுக்கு அதில் வருத்தம் இருந்தது. அதை மறைத்து எழுதுவது அண்ணிக்கே பிடிக்காது. அண்ணி அமைச்சகத்துக்கு எழுதினார்; பதில் வரவில்லை. தொலைக்காட்சியில் போய்ப் பேசினார். மருத்துவமனை நிர்வாகம் விளக்கம் கேட்டது. அதன் பிறகு ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் வந்து, தேர்தலில் நிற்கிறீர்களா என்று கேட்டார்கள். ஜெயிக்க மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் நின்றதாக எங்களிடம் சொன்னார். ஜெயித்துவிட்டார்.

நாடாளுமன்றத்தில் அவர் கொண்டுவந்த முதல் யோசனை, நாணல் காட்டு ஊர்களுக்குக் குறித்த கிழமையில் செவிலியர் படகில் போக வேண்டும் என்பதுதான். பிச்சாவரத்தில் பார்த்ததை அப்படியே சொன்னாராம். எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் எழுந்து, "புருஷன் ஊரிலிருந்து படகும் இறக்குமதி செய்யப் போகிறீர்களா?" என்று கேட்க, அவை சிரித்தது. அண்ணி அசரவில்லை. "படகு நம்மிடமே இருக்கிறது. சொன்ன கிழமையில் வருவதைத்தான் இறக்குமதி செய்ய வேண்டும்" என்றார். அந்தப் பேச்சு அங்கே செய்தித்தாள்களில் வந்தது. வெளிநாட்டான் மனைவி என்று அவரைத் திட்டி எழுதியவர்களும் இருந்தார்கள். திட்டம் நாடு முழுவதற்கும் வேண்டும் என்று கேட்டார். நாணல் காட்டு ஊர்களுக்கு மட்டும் கிடைத்தது.

பிறகு சுகாதார அமைச்சகத்திலேயே பொறுப்புக் கொடுத்தார்கள். நம் ஊர்க் கணக்கில் இணை அமைச்சர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதவியில் அவருக்கு வந்த முதல் பெரிய வேலை, ஒரு சிறிய நகரத்தின் பிரசவ வார்டை மூடுவது. அங்கே மகப்பேறு மருத்துவர் இல்லாமல் நாளாகியிருந்தது. மலைப்பாதையைக் கடந்துதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிராமத்துக்கு டாக்டர் வேண்டும் என்று சொல்லி அரசியலுக்கு வந்தவர் கையாலேயே ஒரு வார்டைப் பூட்டும்படி ஆயிற்று. அமைச்சர், உத்தரவை அனுப்பிவிட்டால் போதும் என்றார். அண்ணி நேரில் போனார். கார் ஓட்டிப் போனவர் அண்ணன். நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார்.

"ஊர் மண்டபத்துல நிக்க எடமில்ல உமா. ஒரு பொம்பள எழுந்து, 'நீயும் ஒரு தாயா'ன்னு கேட்டுச்சி. முட்டைய எறிஞ்சானுங்க. கோட்டெல்லாம் வழியுது. வா போய்டலாம்னு கையப் புடிச்சி இழுத்தேன். வரல."

"அண்ணி என்னா சொன்னாங்க?"

"'கட்டடம் இருக்கு, கட்டில் இருக்கு, டாக்டர் இல்ல. பிரசவத்துல ரத்தம் நிக்கலன்னா இங்க யாரும் காப்பாத்த முடியாது. இது தொறந்திருக்குன்னு நம்பி வந்து ஒரு பொண்ணு சாவக் கூடாது. என்னைத் திட்டுங்க, ஆனா உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்'ன்னா. அப்பவும் திட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து, 'சரி, மூடிட்டா பனியில எங்க பொண்ணுங்க எப்படிப் போவாங்க?'ன்னு கேட்டாரு. அதுக்கு இவ, 'நீங்க கேக்கறது நியாயம்'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா."

தலைநகருக்குத் திரும்பிய அண்ணி, அந்த ஊரில் ஆம்புலன்ஸ் நிலையமும், கர்ப்பிணிகளைப் பார்க்க வாரந்தோறும் மருத்துவரும் வந்த பிறகே வார்டை மூடுவேன் என்றார். இப்போது மூடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார் அமைச்சர். "பிறகு என்று ஒரு கிழமை இல்லை" என்று சொல்லி ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார் அண்ணி. கட்சியில் பலரும் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். அமைச்சர் கடிதத்தை ஏற்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. இழுத்தடித்து, கடைசியில் இறங்கி வந்தார். பனிக்காலத்துக்கு முன் ஆம்புலன்ஸ் அந்த ஊருக்கு வந்தது. அதன் பிறகு அண்ணி வார்டை மூடினார். அடுத்த தேர்தலில் அந்த ஊர் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. தோற்றுப்போனார்.

அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் எங்கள் அம்மா காலமானார். அண்ணனும் அருணும் வந்தார்கள், அண்ணி வரவில்லை. படகுத் திட்டத்துக்கான நிதியை நிறுத்தும் தீர்மானம் அந்த வாரம் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்புக்கு வந்திருந்தது. கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தார். உறவில் பலருக்கு அது மனக்குறை. சேத்தியாத்தோப்பு மாமா எல்லோர் முன்னிலையிலும் கேட்டேவிட்டார்:

"ஏம்மா, ஒனக்கு அங்க ஓட்டுப் போடறது முக்கியமா, மாமியா மொகம் பாக்கறது முக்கியமா?"

"ரெண்டும் முக்கியம் மாமா" என்றார் அண்ணி. "ஒன்னுதான் செய்ய முடிஞ்சிச்சி."

பிறகு அடுக்களைக்குப் போய், அம்மா வழக்கமாக உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து அழுதார். மாமா கொஞ்ச நேரம் கழித்துத் தாமே ஒரு டம்ளர் காபி கொண்டுபோய்க் கொடுத்தார்.

தேர்தலில் தோற்ற அண்ணி, பழைய மருத்துவமனைக்கே பணிக்குத் திரும்பினார். இணை அமைச்சராக இருந்தவர் மறுபடி வார்டில் ரவுண்ட்ஸ் போவதை அங்கே பலரும் அதிசயமாகப் பார்த்தார்களாம். சில ஆண்டுகள் நிம்மதியாகப் போயின. பிறகு கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. எவ்வளவு நாள் என்பது யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரியும். ஒருமுறை கடலூர் வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனார். யாரிடமும் நோயைச் சொல்லவில்லை. மெலிந்துவிட்டீர்களே என்றவர்களிடம், "சக்கர ஜாஸ்தி திங்கறதில்ல" என்று சமாளித்தார்.

கடைசியாக நாங்கள் பேசிய ஞாயிற்றுக்கிழமை குரல் மிகவும் தேய்ந்திருந்தது. அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கக்கூடாததைக் கேட்டேனோ தெரியாது. "அண்ணி, அரசியலுக்குப் போனதுல உங்களுக்கு வருத்தமா?"

"இருக்கு" என்றார். "வார்டுல பொழச்ச குழந்தைங்க மொகம் எனக்கு ஞாபகம் இருக்கு. அங்க போனப்புறம் யாரு பொழச்சாங்கன்னே தெரியல. அவுங்களுக்கும் என்னைத் தெரியாது." மூச்சு வாங்கிக்கொண்டு, "நோய் வராத குழந்தைக்கு எந்த டாக்டரயும் தெரிய வேணாம், உமா" என்றார்.

அந்த வாரமே அண்ணி காலமானார். கான்ஸ்டன்சாவில், கடல் தெரியும் மேட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர்கள் வழக்கப்படி ஓராண்டு நினைவுநாளில் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் வாதுமையும் சேர்த்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம். அங்கே அருணும், இங்கே நானும் அதைச் செய்திருக்கிறோம். இந்த மலரோடு உங்கள் கையில் வரும் சிறு பொட்டலம் அதுதான்.

நோய்க்காலத்தில் அண்ணிக்குப் பணிவிடை செய்த வார்டுச் செவிலியர்களுக்கும், அண்ணனைத் தனியே விடாத அண்டை வீட்டாருக்கும், அங்கே போக விசா கிடைக்காமல் நாங்கள் தவித்தபோது வீட்டுக்கு வந்து துணையிருந்த முதுநகர்த் தெருவினருக்கும், தள்ளாத வயதிலும் இன்று வந்திருக்கும் சேத்தியாத்தோப்பு மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நாணல் காட்டு ஊர்களில் இன்றைக்கும் படகு போகிறது என்று அருண் சொல்கிறான். அங்கே ஓடி விளையாடும், எங்கள் அண்ணியின் பெயர்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உமா
சிதம்பரம்