லட்டுக்கு வந்த வெள்ளைப்புள்ளி

மனிதருக்கு வைத்தியம் பார்க்கிறவர் "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் பதில் வரும், என்னிடம் வரும் நோயாளிகளோ நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள், ஒரு வார்த்தை வராது.

காரைக்காலில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். கடல் பக்கத்தில் இருக்கிற ஊரில் மீன் கடை என்றால் என்ன நினைப்பார்கள்? வாரத்துக்கு ஒருவராவது பையோடு உள்ளே வந்து "வஞ்சிரம் இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு, தொட்டிகளைப் பார்த்துத் திகைத்துத் திரும்புகிறார். மீனை விற்றோமா, வாயை மூடிக்கொண்டு இருந்தோமா என்று நான் இருந்திருக்கலாம். விற்ற மீனுக்கு உடம்பு சரியில்லை என்று முதல் ஆள் வந்து நின்றபோது மருந்து சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து 'மீன் டாக்டரம்மா' ஆகிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியில் மீன் சாய்ந்து மிதக்க, வீட்டையே இரண்டாக்கிய அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

உப்பு வைத்தியம்

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிப்போட்டிருந்தன. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கலியமூர்த்தி அண்ணன் ஒரு வாளியோடு வந்தார். முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். வாளிக்குள் ஒரே ஒரு தங்கமீன், பெயர் லட்டு. புதுச்சேரியில் நர்சிங் படிக்கப் போன மகள் அபிநயா அப்பாவை நம்பி விட்டுவிட்டுப் போன மீன் அது. பாவம், ஒற்றையாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இன்னொரு மீனை வாங்கி அதே தொட்டியில் விட்டிருக்கிறார் அண்ணன். வந்த விருந்தாளி நோயைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனது. லட்டுவின் உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி.

"பத்து நாள்ல பொண்ணு லீவுல வருது தங்கச்சி. அதுக்குள்ள சரியாவணும்" என்றார். புயல் காலத்தில் கடலில் நின்ற மனிதர்; இந்த வாளியைக் கீழே வைக்கவே இல்லை. வெள்ளைப்புள்ளி தீராத நோய் இல்லை, ஆனால் விட்டுவிட்டால் செவுளுக்குள் ஏறி ஆளை முடித்துவிடும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கரண்டி கல்லுப்பு, ஒரேயடியாகக் கொட்டாமல் கரைத்து மூன்று தவணையாக ஊற்றுங்கள் என்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏற்கெனவே உப்பு தூவுன மாதிரிதான் இருக்கு. இன்னமும் போட்டா கருவாடு ஆயிடுமே தங்கச்சி!"

யாரும் இருக்காத ஒருசந்தி

உப்பைப் போட்டுவிட்டு மறுநாள் காலையிலேயே அண்ணன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மீன் அங்கே இருக்க இங்கே என்ன வேலை என்று கேட்டேன். வீட்டில் இருந்தால் நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டியை எட்டிப் பார்க்கத் தோன்றுகிறதாம், மனசு கேட்கவில்லையாம்.

அப்போதுதான் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். அவர் வீட்டுத் தங்கமீன் வயிறு உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் இரை போடுகிறீர்கள் என்று விசாரித்தேன். இவர் காலையில் போடுகிறார். அது தெரியாமல் வீட்டுக்காரர் போடுகிறார். பெரிய பையன் கல்லூரிக்குக் கிளம்பும்போது, சின்னவன் பள்ளி விட்டு வந்ததும். ஆளுக்கொரு கை. மூன்று நாள் முழுப் பட்டினி, நான்காம் நாள் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி ஒன்றே ஒன்று என்று சொல்லி அனுப்பினேன். வாசல் வரை போன டீச்சர் திரும்பி நின்று சிரித்தார்.

"தவக்காலத்துல எங்க வீட்டு ஆம்பளைங்க ஒருத்தரும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒழுங்கா ஒருசந்தி இருக்கலைங்க. இந்த மீனாவது இருக்கட்டும்!"

வெள்ளிக்கிழமைச் சுத்தம்

கோவில்பத்திலிருந்து ஒரு அம்மா. மாதம் ஒரு மீன் சாகிறது, காரணம் தெரியவில்லை என்றார். துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற கையோடு தொட்டியையும் காலி செய்து, கல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிடுகிறார். மீனின் கழிவைத் தின்று தண்ணீரை நல்லதாக வைத்திருக்கும் கிருமிகள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. வாராவாரம் அவற்றைக் குடியோடு ஒழித்துவிட்டால் மீன் என்ன செய்யும்? வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும், சோப்பைக் கிட்டே கொண்டுவராதீர்கள் என்றேன். அந்த அம்மாவுக்கு என் பேரில் இருந்த மரியாதை அப்படியே இறங்கியது.

"வீட்டை அழுக்கா வச்சுக்கச் சொல்ற டாக்டரை இப்பத்தாங்க பாக்குறேன்!"

டவர் இல்லை

நான்காம் நாள் காலையில் அண்ணன் ஓடி வந்தார். புள்ளி இரண்டு மடங்காகிவிட்டது. லட்டு மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்குகிறது.

இதில் தப்பு என்னுடையது. உடம்பில் ஒட்டியிருக்கும் புள்ளியை மருந்து தொடாது. அது முற்றி உதிர்ந்து தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். அதனால் முதலில் கூடி, பிறகுதான் குறையும். இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உப்பை நிறுத்தாதீர்கள், காற்றுக் குழாய் இன்னொன்று போடுங்கள் என்று தைரியம் சொன்னேன். சொன்னேனே தவிர, எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதுவும் மூச்சு வாங்குகிறது என்றால் செவுளிலும் ஏறிவிட்டது என்று அர்த்தம். மகள் வர இன்னும் ஆறு நாள்.

அவருக்கு இன்னொரு தொல்லை. சாயங்காலம் ஆனால் அபிநயா வீடியோ காலில் வந்து "லட்டுவைக் காட்டுங்கப்பா" என்கிறாளாம். இவர் டவர் இல்லை, டவர் இல்லை என்று மூன்று நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு அவரே நொந்துகொண்டார்.

"கடல்ல படகுல நின்னுக்கிட்டே போன் பேசுன ஆளு, வீட்டுக்குள்ள டவர் இல்லன்னு சொன்னா எந்தப் புள்ள நம்பும்?"

நெல்லுக்கு அடிப்பது

அதற்கடுத்த நாள் நெடுங்காட்டு விவசாயி ஒருவர் வந்தார். அவர் பேத்தி வளர்க்கும் மீனுக்கு வாலருகே காயம். அதன்மேல் பஞ்சு ஒட்டினாற்போல் பூஞ்சை. என்னைப் பேசவே விடவில்லை, நோயை அவரே சரியாகச் சொல்லிவிட்டார். பயிரில் எத்தனை பூஞ்சை பார்த்தவர்! ஆனால் வைத்தியத்தையும் அவரே முடிவுசெய்துவிட்டு வந்ததுதான் வில்லங்கம். வயலுக்கு அடித்தது போக மிச்சமிருக்கும் மருந்தைத் தொட்டியில் இரண்டு சொட்டு விடலாமா என்றார். "ஒரு ஏக்கருக்குக் கேக்குறது ஒரு மீனுக்குக் கேக்காதுங்களா?"

ஐயோ வேண்டாம், தனி வாளியில் விட்டு இந்த நீல மருந்தை அளவோடு ஊற்றுங்கள் என்று நான் குப்பியை எடுப்பதற்குள், ஸ்டூலில் இருந்து குரல் வந்தது. நான்கு நாள் உட்கார்ந்ததில் கலியமூர்த்தி அண்ணன் பாதி டாக்டராகியிருந்தார்.

"நல்லாவே கேக்கும்ங்க. அப்பறம் தொட்டியில நாத்துதான் நடணும்!"

ஒரு கேள்வி

எட்டாம் நாள் அண்ணன் வாளியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வால், செவுள், எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. மினுமினுவென்று சுற்றிச் சுற்றி வந்தது லட்டு. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்? அன்று மாலை வீட்டில் டவர் அருமையாக எடுத்ததாம்.

விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். ஆஸ்டலை விட்டுவிட்டுத் தோழிகளோடு வீடு எடுத்திருக்கிறாளாம் அபிநயா. லட்டுவைக் கையோடு கொண்டுபோகிறாளாம். நான் பையில் ஆக்சிஜன் அடைத்து லட்டுவை உள்ளே விட்டு முடிச்சுப் போடுகிறேன், அண்ணன் மகளைக் குடைந்துகொண்டிருக்கிறார். அங்கே தண்ணீர் எப்படி? குளோரின் வாடை அடிக்குமா? கரண்டு போனால் காற்றுக்கு என்ன செய்வாய்? பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் படுமே? நீ வகுப்புக்குப் போனால் இரை யார் போடுவார்கள்? அபிநயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாருங்க அத்தை, என்னை ஆஸ்டல்ல கொண்டுபோயி விட்டப்ப, சாப்பாடு எப்படின்னுகூட இவரு ஒரு வார்த்தை கேக்கல!"

அண்ணன் பையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

"சரி, இப்ப கேக்குறேன். உக்காந்து சொல்லு, சாப்பாடு எப்படி?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ மீனைக் குணப்படுத்தி அனுப்பிவிட்டேன், அதை வளர்க்கிறவர்களைக் குணப்படுத்தத்தான் என்னிடம் மருந்து இல்லை, இருந்தாலும் விற்க மாட்டேன்.