வளையல் சத்தம் நின்ற வாரம்

முதலில் வந்தது தலைவலி. ஸ்ரீரங்கத்து வெயில் என்று விட்டுவிட்டோம்.

பிள்ளைகளே, கர்ப்பமாக இருக்கும் உங்கள் அம்மாவையும் டாக்டர் போனில் பார்க்கிறார் என்றால், இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். நான் டயர் கடையில் வேலை செய்பவன், அதிகம் படிக்காதவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி கவிதாவுக்குத் திருச்சியில் வைத்தியம். பாலம் தாண்டிப் போய் வருவதற்குள் துவண்டுவிடுவாள். அதனால் ஒரு முறை நேரில், ஒரு முறை வீடியோ காலில் என்றார் டாக்டரம்மா. எனக்கு நிம்மதியாக இருந்தது.

வளைகாப்பு முடிந்து இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். பிரசவம் வரை கழற்றுவது எங்கள் வழக்கமில்லை. அப்போது வீடியோ காலில், "கையில கடையே வச்சிருக்கீங்களா? நான் பேசுறது எனக்கே கேக்கல" என்று டாக்டரம்மா சிரித்தார்.

அடுத்த வீடியோ காலில் போனை நான் பிடித்திருந்தேன். கவிதா முகம் கழுவி, பவுடர் போட்டு, பூ வைத்து உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கேன் டாக்டர். லேசா தலைவலிதான்." முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"வளையலைக் கழட்டிட்டீங்களா?"

"இல்லைங்க, இருக்கே."

"அப்ப ஏன் சத்தமே இல்ல? சார், போனைக் கீழ இறக்குங்க."

அப்போதுதான் நானும் பார்த்தேன். கை வீங்கி, வளையல்கள் சதையில் பதிந்து கிடந்தன.

"கண்ணு மங்குதாம்மா?"

"ஆமாங்க. பூச்சி பறக்குற மாதிரி."

"இப்பவே கிளம்பி வாங்க."

பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. இறங்கித் தள்ளலாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"நீங்க தள்ளினா பறந்துடுமாக்கும். சும்மா உக்காருங்க" என்றாள் கவிதா.

ப்ரீஎக்ளாம்ப்சியா என்றார்கள் (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறுவது, வலிப்பு வந்து தாய், சேய் இரு உயிருக்கும் ஆபத்தாகலாம்). நர்ஸ் சோப்பு நுரை தடவி வளையல்களை உருவினார். "ஒண்ணுகூட உடைக்க மாட்டேன், அழாதீங்கம்மா."

அன்றே ஆபரேஷன். மகள் எடை குறைவாகப் பிறந்து, இன்குபேட்டரில் (கதகதப்பான கண்ணாடிப் பெட்டி) இருந்து, வீடு வந்தாள்.

போனை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லையென்றால் அந்த வாரம் டாக்டரையே பார்த்திருக்க மாட்டோம். ஆனால் நாம் காட்டுவது மட்டும்தான் அதில் தெரியும். பவுடர் வேண்டாம். அம்மாவைப் பிரஷர் பார்த்துவிட்டுப் போன் முன்னால் உட்காரச் சொல்லுங்கள். கையையும் காலையும் காட்டச் சொல்லுங்கள்.

வீக்கம் வடிந்துவிட்டது. வளையல் மறுபடி கைக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் பொழுது பழையபடி போகவில்லை. உள்ளே வளையல் சத்தம் கேட்டால் பொழுது ஓடுகிறது, நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது. எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பார்க்கிறேன்.

"கையில பாப்பா தூங்குது, அதான் அசைக்கல. போங்க" என்கிறாள்.

போகிறேன். வாசற்படி வரைக்கும்தான்.