நான் சொன்ன மூன்று வால் விமானம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு நின்ற படிப்பு ஒரு சாக்கு, பயம்தான் நிஜம். போன கிருத்திகைக்குச் சிறுவாபுரி முருகனைப் பார்த்துவிட்டு வந்து விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தேன். சுற்றியிருந்த பேப்பரில் அந்தக்கால விமானங்களின் படங்கள். ‘இவை என்னென்ன?’ என்று கேள்வி வேறு. ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. விபூதியை எடுக்கக் கை வரவில்லை.

பங்களாதேஷ் யுத்தத்தின்போது, பழவேற்காட்டுக்குத் தெற்கே எங்கள் குப்பத்துக்கு ஒரு படத்தாள் வந்தது. விமானம் பறந்தால் அடையாளம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பஞ்சாயத்து ஆபீஸைப் பெருக்கி, தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த என்னிடம் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. லட்சணமான விமானங்களை மதிக்கவே மாட்டேன். கோணல்மாணலாக இருப்பவைமேல்தான் ஆசை. இரண்டு வாலுக்கு நடுவே பானை வயிறு தொங்கினால் சரக்கு விமானம். மீன் முதுகுபோல் வளைந்து, மூன்று வால் நின்றால் கடலைச் சுற்றித் தேடிப் பார்ப்பது.

அக்காள் புருஷன், என் மாமா, விடமாட்டார். “எங்க மச்சான் மானத்தப் பாத்துக்கினே நடப்பான், நண்டு வெரலப் புடுங்கினு போனாகூட தெரியாது!” என்பார். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்காது.

அடுத்த ஐப்பசியில் அந்த மாமாதான் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கூட ஒரு கூட்டாளி, ஒரே கட்டுமரம். இரண்டு நாள் பேய்க்காற்று. விமானம் அனுப்பித் தேடச்சொல்லிப் பொன்னேரியிலிருந்து தந்தி கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை காற்று கொஞ்சம் அடங்கியது. அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தி நாலு கட்டுமரங்களைத் தண்ணீரில் இறக்கினார்கள். அப்போது தெற்கேயிருந்து சத்தம் வந்தது.

“யப்பா ஏரோப்ளேனு, இன்னாபா அது? நம்முளுதா?” என்றார் குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு வாலு! தேடுற ப்ளேனுதான்!” என்று கத்தினேன்.

“கவருமெண்டே வந்துடுச்சி. இந்தக் கடல்ல இன்னும் எட்டுப் பேர வுட்டுட்டு நிக்கணுமா? இழுங்கடா மரத்த!” என்றார் பெரியதனக்காரர்.

கற்பூரம் காட்டி இறக்கிய மரத்தைத் திரும்ப இழுத்தால் அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது. எங்கள் குப்பத்துக் கட்டுப்பாடு அது. விமானம் சுற்றவில்லை, தாழவில்லை. நேராக வடக்கே போய்விட்டது. திரும்பி வரும், வரும் என்று எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். “ப்ளேனா? இன்னும் உத்தரவே வர்லியே” என்றார்.

மறுநாள் கூட்டாளி மட்டும் கரை ஒதுங்கினான், உயிரோடு. பெரியதனக்காரரிடம் அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். “நேத்து உச்சிவேள வரிக்கும் அண்ணன் மரத்தப் புடிச்சிக்கினுதான் கெடந்தாரு. நம்மாளுங்க வருவாங்கடான்னு சொல்லிக்கினே இருந்தாரு.”

முருகா, அன்றைக்கே என் நாக்கை எடுத்திருக்கக் கூடாதா.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் துக்கம் விசாரிக்க வந்தாலும், “ப்ளேனே வந்து தேடிச்சி, கெடைக்கல” என்று சொல்லித் தேற்றிக்கொண்டாள். அதைப் பறிக்க எனக்கு மனசு வரவில்லை; அல்லது தைரியம் வரவில்லை. ஊரும் அதையே சொன்னது. இன்று அந்தக் குப்பம் இருந்த இடத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த விமானங்களும் இல்லை. அக்காவும் போன தை மாதம் போய்விட்டாள்.

யாரிடமாவது இதைச் சொன்னால், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். தேடும் விமானம் வரவே இல்லை. என்மேல் இரக்கப்பட்டு, அன்று மேகமாக இருந்தது, பாவம் கண் ஏமாற்றிவிட்டது என்று சேர்த்துவிடாதீர்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டு வால்தான், நடுவே பானை வயிறு. எனக்கு நன்றாகத் தெரிந்தது.